உங்கள் பெயரில் ஒரு கணக்கு

கணவரின் விசாவைச் சார்ந்து பிரிட்டனுக்கு வந்திருக்கும், வரவிருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு,



உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் கிராய்டனிலும் உங்களைப் பார்க்கிறேன். பொன்னி அரிசி எந்தக் கடையில் மலிவு, பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்த டாக்டர் பொறுமையாகக் கேட்பார் என்பதையெல்லாம் வந்த சில மாதங்களிலேயே தெரிந்துகொண்டுவிடுகிறீர்கள். "உங்க அக்கவுண்ட் எந்த பேங்க்ல இருக்கு?" என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. "அதெல்லாம் அவர்தான் பார்த்துக்கிறார்." நேற்று வந்தவர்கள் சொன்னால் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் இங்கே குடியிருப்பவர்களும் இதையேதான் சொல்கிறீர்கள்.

ஊரில் நீங்கள் இப்படி இருக்கவில்லை. கோவையிலோ சென்னையிலோ வேலை பார்த்தபோது சம்பளக் கணக்கு இருந்தது. பணம் விழுந்ததாகக் குறுஞ்செய்தி வந்ததும் வீட்டுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பிரித்தவர் நீங்கள். வேலைக்கே போகாத உங்கள் அம்மாவுக்கும் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்கில்தான் ஏறுகிறது, அப்பாவின் கணக்கில் அல்ல. நூறு நாள் வேலைக்குப் போகும் பெரியம்மாவின் கூலியும் வங்கிக்குத்தான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ திருமணமாகி வந்தவர்களும் அங்கே வங்கிப் புத்தகம் வைத்திருந்தவர்கள்தாம். கைநாட்டு வைக்கும் பெரியம்மாவிடம் இருக்கும் ஒன்று, பட்டம் வாங்கிவிட்டு ஹீத்ரோவில் இறங்கிய உங்களிடம் இல்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

நம் பாட்டிகளுக்கு வங்கி இல்லாமலேயே ஒரு வழி இருந்தது. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சிறுவாடு சேர்த்தார்கள். 2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது வீட்டுக்கு வீடு வெளியே வந்தது அந்தப் பணம்தான். ஆண்கள் கேலி பேசினார்கள். பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தபோது ஆட்டோவுக்குக் கொடுத்ததும் அதே பணம்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். பிரிட்டனில் சிறுவாட்டுக்கு அதிகம் வேலை இல்லை. லண்டன் பேருந்துகளில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டை மட்டும்தான் என்று எழுதி ஒட்டியிருக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வேலையில் சேர்ந்தால் முதலாளி முதலில் கேட்பது கணக்கு எண்ணைத்தான். கணக்கில்லாத பெண் இந்த ஊரில் ஒவ்வொரு சிறு செலவுக்கும் இன்னொருவர் அட்டையைத்தான் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இப்படி ஆகிவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அவர் முன்னால் வந்தார். கம்பெனி கொடுத்த கடிதத்தைக் காட்டிக் கணக்கு தொடங்கினார். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். மின்சார பில்லும் நகராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியும் அவர் பெயரில். பிறகு நீங்கள் வருகிறீர்கள். வங்கியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் உங்கள் பெயர் அச்சிட்ட ஒரு காகிதம்கூட இல்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திரும்பி வருகிறீர்கள். அவர் தன் கணக்கின் இன்னொரு அட்டையைக் கையில் கொடுக்கிறார். அல்லது உங்களைத் தன் கணக்கில் கூட்டாகச் சேர்த்துவிடுகிறார். அப்புறம் வீடு மாற்றம், பிரசவம், பள்ளி என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

"கூட்டுக் கணக்கு இருக்கே, அது போதாதா?" என்பீர்கள். குடும்பச் செலவுக்கு அது நல்லது, வைத்திருங்கள். ஆனால் அதன் சட்டம் என்ன என்று தெரிந்து வைத்திருங்கள். வழக்கமான கூட்டுக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் மொத்தப் பணத்தையும் மற்றவரைக் கேட்காமல் எடுக்கலாம். ஓவர்டிராஃப்டில் ஒருவர் கடன் ஏற்றினால் முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. இருவரின் கடன் வரலாறும் ஒன்றோடொன்று பிணைக்கப்படும். அவர் தவணை தவறினால் அதன் நிழல் உங்கள் மேலும் விழும். தகராறு என்று ஒருவர் வங்கிக்குச் சொன்னால், இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை கணக்கை முடக்கி வைக்க வங்கியால் முடியும். பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். கூடுதல் அட்டையோ இன்னும் பலவீனமானது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது வெறும் பிளாஸ்டிக்.

அடுத்து, எல்லோரும் சொல்லும் பதில்: "அவர் அப்படிப்பட்டவர் இல்லை." நான் நம்புகிறேன். பெரும்பாலான கணவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆனால் நல்ல மனிதருக்கும் விபத்து நடக்கும். நல்ல மனிதரின் கணக்கையும் சந்தேகப் பரிவர்த்தனை என்று வங்கி சில வாரம் நிறுத்தி வைக்கும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு ஓடியவரின் கைபேசி அங்கே தொலைந்துபோகும். ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கைத் தகவல் தெரிந்ததும் வங்கி முடக்கிவிடும்; சட்ட நடைமுறை முடியும்வரை மனைவியே ஆனாலும் அதிலிருந்து தன் விருப்பப்படி பணம் எடுக்க முடியாது. அந்த வாரத்தில் வாடகை யார் கட்டுவார்கள்? இறுதிச் சடங்குக்கு முன்பணம் யார் கொடுப்பார்கள்? சொல்லவே நாக்கு கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன். தனிக் கணக்கு வைப்பது அவரை நம்பாததால் அல்ல. காலத்தை நம்ப முடியாததால்.

அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று. பால் வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்வது, சம்பளத்தைத் தன் கணக்குக்கே திருப்பிவிடச் சொல்வது, கணக்கு தொடங்கவிடாமல் தள்ளிப்போடுவது, இவையெல்லாம் குடும்ப வழக்கம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கலாம். 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதற்குப் பொருளாதார வன்முறை என்று பெயர் வைத்திருக்கிறது; அடியும் மிரட்டலும் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. "விசாவைப் பிடுங்கி அனுப்பிடுவேன்" என்று அவர் சொன்னால், அந்த முடிவை எடுப்பது உள்துறை அமைச்சகம், அவர் அல்ல. 0808 2000 247 என்ற தேசிய உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

மற்றவர்கள் இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அவருக்கும் இதில் லாபம் இருக்கிறது என்று சொல்லுங்கள். துணைவர் விசாவில் வந்தவர்கள் அதை நீட்டிக்க விண்ணப்பிக்கும்போது, இருவரும் ஒரே முகவரியில் வாழ்கிறீர்கள் என்பதற்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த கடிதங்களைக் காட்ட வேண்டும். உங்கள் பெயருக்கு வந்த வங்கி அறிக்கை அதற்கு நல்ல சான்று. நாளைக்கு வீடு வாங்கப் போனால் இருவரின் வருமானத்தோடு இருவரின் கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். ஊரில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன் இங்கே பெரும்பாலும் கணக்கில் வராது. அவருடைய அட்டையில் நீங்கள் செய்த செலவும் வராது. உங்கள் பெயரில் கணக்கு இருந்து, அதிலிருந்து கைபேசி பில் போன்றவை மாதாமாதம் தவறாமல் போனால்தான் உங்கள் வரலாறு எழுதத் தொடங்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், இங்கே முறைப்படி தங்கியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கடன் வரலாற்றைப் பார்க்கும் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்க்கும் இடங்களில் அந்தப் பட்டியலும் ஒன்று.

இனி, வங்கியில் திருப்பி அனுப்பப்படும் பிரச்சினைக்கு வருகிறேன். முதல் தடங்கல் நம் பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். கல்யாணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். வங்கியின் கணினி இதையெல்லாம் வேறு வேறு ஆள் என்றே நினைக்கும். பிளாஸ்டிக் தங்குரிமை அட்டைகள் 2024 டிசம்பரோடு முடிந்துபோயின. இப்போது எல்லாம் இ-விசா. அதைத் திறந்து உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவறிருந்தால் திருத்தக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. வங்கிப் படிவத்திலும் அதே பெயர். இனிஷியலை உங்கள் விருப்பத்துக்கு விரிக்கவோ சுருக்கவோ வேண்டாம். வங்கி கேட்டால் இ-விசாவிலிருந்து ஒரு பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுக்கலாம். அது 90 நாள் செல்லும்.

இரண்டாவது, முகவரிச் சான்று. இதற்குக் காத்திருக்காதீர்கள், உருவாக்குங்கள். ஒரே வீட்டில் வாழும் தம்பதியர் இருவருமே கவுன்சில் வரிக்குப் பொறுப்பாளிகள். ஆகவே பில்லில் உங்கள் பெயரையும் சேர்க்கும்படி கவுன்சிலுக்கு எழுதலாம். மின்சாரக் கணக்கிலும் பெயர் சேர்க்கச் சொல்லலாம். டாக்டரிடம் பதிவு செய்துகொண்டால் கடிதம் வரும். வேலை செய்யும் உரிமை இருந்தால் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அதன் கடிதமும் உங்கள் பெயரில் வரும். கணக்கு தொடங்க அந்த எண் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோன்ஸோ, ஸ்டார்லிங் போன்ற கைபேசி வங்கிகள் பாஸ்போர்ட்டையும் உங்கள் முகத்தையும் படம் பிடித்தே பெரும்பாலும் வேலையை முடித்துவிடுகின்றன. முகவரிக் காகிதத்துக்கு அவ்வளவாக அடம்பிடிப்பதில்லை.

மூன்றாவது, மறுப்பு. வேலை இல்லை, வருமானம் இல்லை என்பதால் கணக்கே கிடைக்காது என்று பயப்படுகிறீர்கள். 2015-இல் வந்த விதிகளின்படி பார்க்ளேஸ், ஹெச்எஸ்பிசி, லாய்ட்ஸ், நாட்வெஸ்ட், சான்டாண்டர், நேஷன்வைடு உள்ளிட்ட பெரிய வங்கிகள் பேசிக் பேங்க் அக்கவுண்ட் என்ற அடிப்படைக் கணக்கை வைத்திருக்க வேண்டும். சட்டப்படி தங்கியிருப்பவர், வழக்கமான கணக்குக்குத் தகுதி பெறாதவர் என்றால் அதைக் கேட்கலாம். மாதக் கட்டணம் இல்லை, ஓவர்டிராஃப்ட் இல்லை, அட்டை உண்டு, சம்பளம் வாங்கலாம், பில் கட்டலாம். ஆவணங்கள் எல்லாம் கொடுத்த பிறகு பத்து வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கவுண்டரில் இருப்பவர் அதன் பெயரைத் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மறுத்தால் காரணம் கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்க்கும் அமைப்புக்குச் செலவில்லாமல் போகலாம்.

எந்த வங்கி நல்லது என்று அலைந்து மாதங்களை ஓட்டாதீர்கள். இங்கே சாதாரணக் கணக்குகளில் பெரும்பாலும் மாதக் கட்டணமும் இல்லை, ஊரில் இருப்பதுபோல் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதமும் இல்லை. பயணக் காப்பீடு, கைபேசிக் காப்பீடு என்று சேர்த்து மாதம் இவ்வளவு என்று விற்கும் கணக்கை மட்டும் மறுத்துவிடுங்கள். வங்கி திவாலானாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,20,000 பவுண்டு வரை வைப்புத்தொகைக் காப்புத் திட்டம் திருப்பித் தரும். 2025 டிசம்பர் 1-இல் இந்த வரம்பு உயர்ந்தது. மோன்ஸோவும் ஸ்டார்லிங்கும் முழு வங்கிகள் என்பதால் அங்கேயும் இந்தக் காப்பு உண்டு. ஊருக்குப் பணம் அனுப்ப உதவும் வைஸ் போன்ற செயலிகள் வேறு. அவற்றில் போட்டு வைத்த பணத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. ரொக்கம் போடவும் எடுக்கவும் பக்கத்துத் தபால் நிலையமே போதும். பெரும்பாலான வங்கிகளுக்கு அங்கே வசதி இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் கணக்கு மாற்றும் சேவை வழியாக ஏழு வேலை நாளில் வேறு வங்கிக்குப் போய்விடலாம். பழைய கட்டண உத்தரவுகளும் கூடவே வந்துவிடும்.

கணக்கு கிடைத்துவிட்டது என்பதோடு முடியவில்லை. அது உங்கள் கையில் இருக்க வேண்டும். கணக்கு உங்கள் பெயரில், செயலி அவர் கைபேசியில், ஓடிபி அவர் எண்ணுக்கு, மின்னஞ்சல் அவருடையது என்றால் அது யாருடைய கணக்கு? உங்களுக்கென்று ஒரு சிம், உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல், உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண். கட்டியவரிடம்கூட ரகசிய எண்ணைச் சொல்லக் கூடாது என்றுதான் வங்கியின் விதியும் சொல்கிறது. காகித அறிக்கை அனுப்பும்படி அமைத்துவையுங்கள். முகவரிச் சான்று அடிக்கடி தேவைப்படும். "உங்க அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் போடறேன், எடுத்து இவருக்கு அனுப்பிடுங்க, கமிஷன் தர்றேன்" என்று யார் கேட்டாலும், சொந்தக்காரரே ஆனாலும், மறுத்துவிடுங்கள். அது கறுப்புப் பணத்தைக் கைமாற்றும் வேலை. பிடிபட்டால் கணக்கு மூடப்படும்; சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் ஆறு ஆண்டு வரை பெயர் இருக்கும்; சிறைக்கும் போக நேரலாம்.

ஊரில் விட்டுவந்த கணக்கையும் மறந்துவிடாதீர்கள். இந்தியர்களுக்கு இது முக்கியம். வெளிநாட்டில் குடியேறிய பிறகு அங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்ட முடியாது. என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்ஈ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப இங்கே கொண்டுவரலாம். நீங்கள் வேலை பார்த்துச் சேர்த்ததும் அம்மா வீட்டில் போட்டதும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றையும் அவருடைய என்ஆர்ஐ கணக்குக்குள் "வசதிக்காக" கலந்துவிட வேண்டாம்.

பெண்ணுக்குத் தனிக் கணக்கு எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளில் மட்டும் எழுந்ததல்ல. பிரான்ஸில் மணமான பெண் கணவரின் அனுமதி இல்லாமல் கணக்கு தொடங்கும் உரிமை 1965-இல்தான் சட்டமானது. பெண் என்பதற்காக வங்கி பாகுபாடு காட்டுவது பிரிட்டனில் 1975-இல்தான் சட்டவிரோதமானது. இங்கே உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் இளமைக் காலம் அது. அவர்கள் கேட்டு வாங்கிய உரிமையை நீங்கள் கேட்காமலே பெற்றிருக்கிறீர்கள். பயன்படுத்தாமல் விடுவதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தை அதில் வாங்குங்கள். போகாதவர்கள் மாதாமாதம் ஒரு தொகை அந்தக் கணக்குக்குத் தானாக வரும்படி நிலையான உத்தரவு போடச் சொல்லி வீட்டில் பேசுங்கள். பத்து பவுண்டானாலும் சரி. அது கைச்செலவுக்குக் கொடுக்கும் காசல்ல. சமையலும் பிள்ளை வளர்ப்பும் செய்து இந்தக் குடும்பத்தை நடத்தும் உங்களின் பங்கு. இந்த மடலை அவரும் படிக்கட்டும். நல்லவர் என்றால் கவுன்சிலுக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவரே எழுதிக் கொடுப்பார்.

அதன் பிறகு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்து, வங்கி வாசலில் தயங்கி நிற்கும் பெண் ஒருத்தி உங்கள் தெருவிலேயே இருப்பாள். அவளுடைய பாஸ்போர்ட்டையும் கடிதங்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, கவுண்டர்வரை கூடப் போங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் இங்கே வந்த ஒருத்தி